மற்றும் ஒருவர்

அது வெயில் காலமா மழைக் காலமா என்று இப்போது சரியாக நினைவில்லை. ஆளுக்கொன்று சொல்கிறார்கள், சொல்லிச் சொல்லி எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிட்டது. ஆனால் சலவை ஆலை விபத்தில் இறந்தவர்களுக்காகச் சதுக்கத்தில் அனுசரித்த ஒரு நிமிட மௌனம் ஒன்பது வருடம் நீடித்தது என்பதில் ஊரில் யாருக்கும் மாற்றுக் கருத்து கிடையாது. நினைவுக் குழுத் தலைவரான மருந்துக்கடைக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "நன்றி, எல்லாரும் உட்காரலாம்" என்று ஒலிபெருக்கியில் சொன்னார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மைக் செட்காரர் ஓடி வந்து மைக்கைத் தட்டினார், தட்டிய சத்தமும் வரவில்லை. ஒரு கைக்குழந்தை வீறிட்டு அழுதது, தோள் ஈரமான பிறகுதான் தாய்க்கே தெரிந்தது. சதுக்கத்தை விட்டுத் தெருவில் ஒரு எட்டு வைத்தால் செருப்புச் சத்தம் முதல் சைக்கிள் மணி வரை எல்லாம் வழக்கம்போலக் கேட்டது. சரி, நாளைக்குச் சரியாகிவிடும் என்று எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள். மறுநாளும் அப்படியே இருந்தது.

நகராட்சி ஒரு பொறியாளரை அனுப்பியது. அவர் நடுவில் நின்று ஒரு வெடியைக் கொளுத்தினார். புகை வந்தது, அவ்வளவுதான். பிறகு ஊர் தன்பாட்டில் பழகிக்கொண்டது. சதுக்கத்தைச் சுற்றியிருந்த வீடுகளின் வாடகை முதல் வருடம் விழுந்தது, குழந்தைகள் நன்றாகத் தூங்குகின்றன என்று தெரிந்ததும் ஏறியது. சண்டை போடத் தோன்றிய கணவன் மனைவிகள் அங்கே வந்து ஆசை தீரக் கத்திவிட்டுப் போனார்கள். எல்லாரும் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் படிக்கக் கற்றுக்கொண்டார்கள். பெரிய மீசை வைத்திருந்தவர்கள் சொல்வது யாருக்கும் புரியாததால், பரம்பரை மீசைகள் பலவும் அந்தக் காலத்தில்தான் போயின. உதட்டுக்கு 'ப'வும் 'ம'வும் ஒன்றுதான் என்பதால், மாமா என்று கூப்பிட்டால் பாப்பா திரும்பும். இதையெல்லாம் தவிரப் பெரிய சிரமம் ஒன்றும் இல்லை.

சிரமப்பட்டவள் ஒருத்திதான். அவள் அந்த ஆலையில் விரிப்பு மடிப்பவள். மருத்துவமனைகளிலிருந்தும் விடுதிகளிலிருந்தும் வரும் விரிப்புகள் வெந்து, பிழியப்பட்டு, உருளையில் தேய்க்கப்பட்டுச் சூடாக வந்து விழும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று முனையோடு முனை சேர்த்து மடிக்க வேண்டும். அவளுடைய கணவர் கொதிகலன் பார்ப்பவர். வருகைப் பதிவில் அவருக்கு நீளமான ஒரு பெயர் இருந்தது, ஆனால் ஊருக்கு அவர் 'ஆகட்டும்'. எதைக் கேட்டாலும் அவர் வாயில் வருவது அந்த ஒரு சொல்தான். இன்னொரு ஷிப்டும் பார்க்க முடியுமா? ஆகட்டும். ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? ஆகட்டும். கல்யாணத்துக்குச் சம்மதமா என்று கேட்டபோதும் அதையேதான் சொன்னார். இந்த மனுஷனுக்கு நம்மைப் பிடித்திருக்கிறதா, இல்லை வழக்கமான ஆகட்டுமா என்று அவள் பல நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

கொதிகலனில் அழுத்தம் கூடினால் ஒரு வால்வு திறந்து ஊளையிடும். பழைய கொதிகலன் என்பதால் அது இரவும் பகலும் ஊளையிட்டது. பிள்ளைகள் தூங்கவில்லை, நோயாளிகள் தூங்கவில்லை என்று தெருவே திரண்டு ஆலை வாசலுக்குப் போய் நின்றது. முதலாளி மாடியிலிருந்து, "அந்தச் சத்தத்த நிறுத்துப்பா" என்றார். கீழே நின்ற கொதிகலன்காரர் ஆகட்டும் என்றார். வால்வைக் கம்பியால் இறுக்கிக் கட்டினார். ஊர் சில வாரம் நிம்மதியாகத் தூங்கியது. அதன் பிறகு ஒரு காலையில் கொதிகலன் வெடித்து, மடிப்பு மேசையில் நின்றவர்களும் உருளையில் நின்றவர்களும் அவரும் செத்துப்போனார்கள். அவள் அன்று இரண்டாவது ஷிப்ட். முதலாளி ஆலையை விற்றுவிட்டு ஊரைவிட்டே போனார். விசாரணை நடந்தது, 'கொதிகலன் பணியாளரின் கவனக்குறைவு' என்று முடிந்தது. அதனால் இறந்தவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியபோது அவர் பெயரை விட்டுவிட்டார்கள்.

முதல் நினைவு நாளில் குடும்பத்தாருக்கென்று கயிறு கட்டி இடம் ஒதுக்கியிருந்தார்கள். அவள் உள்ளே போகப் பார்த்தபோது, "நீங்க அந்தப் பக்கம் நில்லுங்கம்மா" என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவள் கயிற்றுக்கு வெளியே நின்றாள். அன்றுதான் மௌனம் தொடங்கி முடியாமல் போனது.

அவளுடைய நாத்தனார் பஸ் கண்டக்டர். சதுக்கத்தைக் கடக்கும்போது மட்டும் விசில் வேலை செய்யாத எரிச்சல் அவளுக்கு. "இதுல என்ன அதிசயம் அண்ணி? செத்தவங்களுக்கெல்லாம்னு சொல்லி ஆரம்பிச்சாங்க. எங்க அண்ணன எறக்கி விட்டுட்டாங்க. கணக்கு இடிக்குதில்ல? அதான் வண்டி நகர மாட்டேங்குது."

வருடா வருடம் நினைவு நாளுக்கு முன்னால் இருவரும் மருந்துக்கடைக்குப் போனார்கள். கடையின் முன்பக்கம் மௌனத்தில் இருந்தது, மருந்து அடுக்கும் பின்னறையில் சத்தம் இருந்தது. குழு அங்கேதான் கூடும்.

"அவர் பேரையும் சேருங்க. வேற ஒண்ணும் கேக்கல."

"எங்களுக்கு ஆட்சேபம் இல்லம்மா. மத்த குடும்பங்க ஒத்துக்கணுமே," என்றார் தலைவர். நான்காவது வருடமோ ஐந்தாவது வருடமோ அவரே ஒரு வழி சொன்னார். "கல்லுல கடைசியா 'மற்றும் ஒருவர்'னு போட்டுடலாம். யாருக்கும் மனசு கஷ்டம் இல்ல, உங்களுக்கும் திருப்தி."

நாத்தனார் எழுந்துவிட்டாள். "மற்றும் ஒருவரா? என்ன சார், நாடக நோட்டீஸா அடிக்கிறீங்க?"

"கொஞ்சம் உக்காரு," என்றாள் அவள். பிறகு தலைவரிடம், "வேணாங்க. அதுக்கு இல்லாமலே இருக்கட்டும்" என்றாள்.

மத்த குடும்பங்கள் என்று தலைவர் சொன்னது உண்மையில் ஒரு ஆளைத்தான். தையல்காரம்மாவுக்கு இரண்டு மகள்கள், இரண்டு பேரும் மடிப்பு மேசையில் போனவர்கள். அவர் சரி என்றால் மற்றவர்கள் சரி என்பார்கள். அவரிடம் போய்க் கேட்க அவளுக்கு எட்டு வருடம் தைரியம் வரவில்லை. கேட்பதற்கு அவளிடம் நியாயம் இருந்தது, பதில்தான் இல்லை. அந்தக் கம்பியைக் கணவர் கட்டியது உண்மை. முடியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சோறு வடிக்கும்போது, துணி உதறும்போது, படுத்துக் கூரையைப் பார்த்துக் கிடக்கும்போதெல்லாம் அவள் அவரிடம் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒன்பதாவது வருடம் போனாள். சந்துக்குள் இருந்த சின்னக் கடை. தையல்காரம்மா மிதியை நிறுத்தாமல் நிமிர்ந்து பார்த்தார்.

"எதுக்கு வந்திருக்கேன்னு தெரியும். என் பொண்ணுங்க பேரோட அவன் பேரு வரக்கூடாது."

"அக்கா, நானும் அவங்ககூட ஒரே மேசையில மடிச்சவ. சின்னவளுக்கு எதிர்ல நின்னது நான்தான். ஓரம் சேரலன்னா என்ன திட்டு திட்டுவா தெரியுமா."

"தெரியும்," என்றார் தையல்காரம்மா. "என்னையும் திட்டுவா. கோணத் தையல்னு."

தையல் மிஷின் கொஞ்ச தூரம் ஓடியது. பிறகு நின்றது.

"அவன் ஏண்டி முடியாதுன்னு சொல்லல?"

"நானும் அதத்தான்கா கேட்டுட்டு இருக்கேன். பதில் சொல்ல ஆள் இல்ல."

"ஆல வாசல்ல முன்னால நின்னது நான். பெரியவளுக்குப் பொறந்தது தூங்கல, வால்வு ஊளையிடுதுன்னு கத்தினது நான். எம் மூஞ்சியப் பாத்துத்தான் அவன் சொன்னான்." அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். "மாடியில இருந்தவனப் பாத்துச் சொல்லல. என்னப் பாத்துச் சொன்னான்."

அவள் கீழே விழுந்த நூல் துண்டைப் பொறுக்கி மிஷின் மேல் வைத்தாள். "நான் வரேங்க்கா" என்று எழுந்தாள். தையல்காரம்மா மறுபடி மிதியை மிதித்தார்.

அந்த வருடம் மருந்துக்கடைக்காரர் துணிந்துவிட்டார். பல்வலிக்கு வந்தவரின் உதட்டைத் தப்பாகப் படித்து வேறு ஏதோ மாத்திரையைக் கொடுத்து, அவர் ஒரு பகல் முழுவதும் கழிப்பறையிலேயே உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று சொல்வார்கள். யாரையும் கேட்காமல், கடைசிப் பெயராக வருகைப் பதிவில் இருந்த அந்த நீளமான பெயரை மேடையில் வாசித்தார். சத்தம் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தையும் உதட்டால் நிறுத்தி நிறுத்திச் சொன்னார். கூட்டம் முழுவதும் படித்தது. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யாரது, யாரது என்று ஆயிரம் உதடுகள் அசைந்தன. யாருக்கும் தெரியவில்லை. வெளியூர்க்காரர் யாரையோ தவறாகச் சேர்த்துவிட்டதாக ஒருவர் சைகை காட்டினார். கயிற்றுக்கு வெளியே நின்றவளுக்கே அது யாரோ ஒருவருடைய பெயர்போல இருந்தது. மௌனம் அசையவில்லை.

அப்போது தையல்காரம்மா எழுந்து மேடைக்குப் போனார். தகராறு செய்யப் போகிறார் என்று நினைத்துத் தலைவர் விலகிக்கொண்டார். தையல்காரம்மா கூட்டத்தைப் பார்க்கவில்லை, கயிற்றுக்கு அப்பால் நின்றவளை மட்டும் பார்த்தார். வாயைத் திறந்தார். முதல் எழுத்துக்கு வாய் அகலத் திறந்தது. நாக்கு அண்ணத்தைத் தொட்டது. கடைசியில் உதடுகள் மூடின, மூடிய உதடுகளுக்குள்ளிருந்து ஒரு 'ம்' எல்லாருக்கும் கேட்டது. தொண்டை கரகரத்த ஒரு வயதான பெண்ணின் 'ம்'. அதன் பின்னால் இருமல், காக்கை, நாற்காலி நகர்வது, பிள்ளைகள், பஸ் ஹாரன் என்று எல்லாம் வந்து சேர்ந்தன. பல பேர் காதைப் பொத்திக்கொண்டார்கள். நாத்தனார் பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினாள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

தையல்காரம்மா அன்று சொன்னது கொதிகலன்காரருடைய பெயரையா, பெயரைச் சேர்க்கத் தன் சம்மதத்தையா, இல்லை ஆலை வாசலில் தன் முகத்தைப் பார்த்துச் சொல்லப்பட்ட பதிலைத் திருப்பிக் கொடுத்தாரா என்று பிறகு பல பேர் கேட்டார்கள். "மூணும் ஒரே வார்த்தைதானே, அப்புறம் என்ன?" என்று விட்டுவிட்டார். மேடையிலிருந்து இறங்கியவர் நேரே போய்க் கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். அவள் குனிந்து உள்ளே வந்தாள்.

கல்லில் எந்தப் பெயரை வெட்டுவது என்று கல்தச்சர் கேட்டபோது குழு விவாதிக்கவில்லை. பெயர் வரிசையின் கீழே 'ஆகட்டும்' என்று இருக்கிறது. வெளியூரிலிருந்து வருபவர்கள் அதை ஏதோ வாழ்த்து என்று எடுத்துக்கொள்கிறார்கள். யாரும் திருத்துவதில்லை.

மருந்துக்கடைக்காரர் கடையை மருமகனிடம் கொடுத்துவிட்டு மீசை வளர்த்தார். நாத்தனார் செக்கிங் இன்ஸ்பெக்டராகி ஓய்வு பெற்றாள். தையல்காரம்மா கண் மங்கும்வரை தைத்தார், அதன் பிறகு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்க அவள் மாலையில் போய்வந்தாள். சலவை ஆலையைப் புது ஆட்கள் திறந்தார்கள். அவள் அங்கே மடிப்பு மேசையில் மேற்பார்வையாளராக இருந்தாள். புதுக் கொதிகலனும் நாளில் இரண்டு மூன்று முறை ஊளையிடும். யாரும் புகார் சொல்லவில்லை. மௌனம் முழுவதுமாகப் போய்விடவில்லை. கல்லுக்கு முன்னால் ஒரு ஆள் நிற்கும் அளவு இடத்தில் இன்னும் இருக்கிறது. வேண்டியவர்கள் முறை போட்டு நின்றுவிட்டுப் போகிறார்கள், நகராட்சி அதற்குக் கட்டணம் எதுவும் வாங்குவதில்லை.