கண்ணாடிக்குக் காட்டிய கற்பூரம்

மெட்டில்டா செய்த தப்பு ஒன்றுதான். கற்பூரம் வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தவள், சொல்ல வந்ததை முழுசாகச் சொல்லவில்லை.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிகம் நடத்திக்கொண்டிருந்தாள். நட்சத்திர ஒளியை அளக்கும் கருவி ஒன்றைக் கல்லூரிப் பட்டறையிலேயே செய்து முடித்திருந்தாள். உள்ளே இருக்கும், ஒளியை உணரும் குழாய் சூடாக இருந்தால் இல்லாத வெளிச்சத்தை இருப்பதாகப் புளுகும். அதனால் சுற்றிலும் டிரை ஐஸ், அதாவது உறைந்த கரியமில வாயு, அடைத்துக் குளிரவைக்க வேண்டும். இந்த அளவுகள் கிடைத்தால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் ஆயுசுக்கும் பி.யூ.சி. பிள்ளைகளுக்கு லென்ஸ் பாடம். வந்த வரன்களையெல்லாம் இதற்காகத்தான் தள்ளிப்போட்டாள்.

மலைமேல் இருந்த பெரிய தொலைநோக்கியில் கருவியைப் பொருத்த டெல்லி அனுமதி கொடுத்துவிட்டது. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க வேண்டுமே. பூசாரி, அந்த வானாய்வு நிலையத்தின் தலைவர் வைத்தீஸ்வரன். கெட்ட மனிதர் என்றால் திட்டிவிட்டுப் போகலாம், பாவம், நல்லவர்.

வெயில் இறங்கும் நேரம். மெக்கானிக் கேசவன், டிரை ஐஸ் அடைத்த கருவியைச் சங்கிலியில் தூக்கி, தொலைநோக்கியின் அடிவாய்க்கு நேராக நிறுத்தினான். முன்பக்கத்துக் கண்ணாடியின் மூடியைக் கழற்றியாயிற்று. இனி மேலே ஏற்றி போல்ட் முறுக்க வேண்டியதுதான் பாக்கி. அப்போது வைத்தீஸ்வரன் தட்டோடு வந்தார்.

"கேசவா, சித்த நிறுத்து. கண் திறக்கறச்சே கற்பூரம் காட்டாம எப்படி?"

"சார், வேண்டாம் சார்! கற்பூரம் மட்டும்..."

எல்லோர் பார்வையும் அவள் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவைக்குப் போயிற்று.

"புரியறதும்மா. உங்க வழக்கம் இல்லைதான். உன்னைக் கும்பிடச் சொல்லலையே. நீ தள்ளி நின்னுக்கோ, போறும்."

அவருடைய பெருந்தன்மைதான் அவள் வாயை அடைத்தது. குளிர்ந்த கண்ணாடி எந்தப் புகையையும் பிடித்துவைத்துக்கொள்ளும் என்று சொல்ல வந்தாள். இனி எதைச் சொன்னாலும் வேதக்காரப் பெண் சாக்குச் சொல்கிறாள் என்றுதான் ஆகும். கிடைத்த வாய்ப்பும் கைநழுவிவிடுமோ என்று பயந்தாள். தள்ளி நின்றாள். கண்ணாடிக்கு நேராகத் தட்டு சுற்றியது.

கொடுத்த நாட்கள் முடியும்வரை எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் ஒளி மங்கலாகவே வந்தது. குழாயைச் சந்தேகித்தாள், வயரைச் சந்தேகித்தாள், கடைசியில் தன் புத்தியையே சந்தேகித்தாள். கருவியை இறக்கியபோது கேசவன்தான் முதலில் பார்த்தான்.

"இன்னா மேடம், கண்ணாடி மேல கரி புடிச்ச மாரி கீது?"

ஓடிப்போய் வைத்தீஸ்வரனிடம் கற்பூரப் புகை படிந்த விஷயத்தைச் சொன்னாள். அவர் நிஜமாகவே வருத்தப்பட்டார். "காரணத்தை அப்பவே சொல்லியிருக்கப்படாதோ?" என்றார். உள்ளூரில் செய்த கருவி திருப்தியாக இல்லை என்று டெல்லிக்கு எழுதியவரும் அவரேதான். அடுத்த வருஷம் வெளிநாட்டுக் கருவி வரும் என்றார்கள். அவள் கருவி பட்டறை அலமாரிக்குப் போயிற்று. பட்டமும் அதோடு போயிற்று.

கற்பூரச் சங்கதி மட்டும் அவளுக்கு முன்னாலேயே சிட்லபாக்கத்து வீட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. அப்பா அசரியா, ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார்: "என் மகள் உலக மேன்மையை இழந்தாலும் இழந்தாள், விக்கிரக ஆராதனைக்கு உடன்படவில்லை!" சபையார் ஸ்தோத்திரம் என்றார்கள். வாசலில் ஒவ்வொருவராக வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சும்மா இல்லை.

வீட்டுக்கு வந்ததும் சொன்னாள். "அப்பா, கண்ணாடி ஜில்லுன்னு இருந்தது. புகை படியும்னுதான் வேண்டாம்னேன். நம்ம சர்ச் மெழுகுவத்தியைக் கொளுத்தியிருந்தாலும் வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன்."

மகளுக்குப் பட்டம் இல்லை என்று தெரிந்த அன்றுகூட அசரியாவின் முகம் இப்படி வாடவில்லை.

"சரிம்மா," என்றார். "சபையில யார்கிட்டயும் இதைச் சொல்லிடாதே."