காம்ப்ளெக்ஸ் வளர ஓர் இடம்

சங்கரன்கோவிலில் ஒரு செய்தி பரவ வாட்ஸப் தேவையில்லை. பேருந்து நிலையத்தில் நின்று சத்தமாகப் போன் பேசினால் போதும்.

அபிஷா அன்று அப்படித்தான் பேசினாள். சென்னையிலிருந்து அவளுடைய ஆராய்ச்சி வழிகாட்டி மேடம் அழைத்திருந்தார். ராஜபாளையம் பஸ்ஸின் ஹாரன் காதைப் பிளந்ததால் அபிஷா கத்த வேண்டியிருந்தது.

“மேடம், காம்ப்ளெக்ஸ் ரெடி! நடுவுல அயர்ன், ரெண்டு பக்கமும் ரிங், எல்லாம் பக்கா! ஸ்ட்ரக்ச்சர்தான் பாக்கி. அது வளர்றதுக்கு நல்ல இடம் தேடிக்கிட்டு இருக்கேன் மேடம்!”

பக்கத்தில் வாசுதேவநல்லூர் பஸ்ஸுக்காக ஒரு கொத்தனார் நின்றிருந்தார். இரும்பு வந்தாச்சு, ரிங் கட்டியாச்சு என்றால் பில்லர் எழும்பப் போகிறது என்று அவருக்குத் தெரியாதா? அபிஷா கல்லூரி போய்ச் சேருவதற்குள் கடைத்தெரு முழுக்கச் செய்தி பரவிவிட்டது. எலெக்ட்ரிகல் கடை விஜயராஜின் மகள் காம்ப்ளெக்ஸ் கட்டப் போகிறாள்!

அபிஷா கட்டியது என்னவோ உண்மைதான். ஆனால் அது கண்ணுக்குத் தெரியாத காம்ப்ளெக்ஸ். ஊருக்கு வெளியே உள்ள கல்லூரி ஒன்றில் அவள் வேதியியல் ஆசிரியை. கூடவே முனைவர் பட்டத்துக்காக, கார்பனையும் உலோகத்தையும் கைகோத்து நிற்கவைக்கும் ஆராய்ச்சி. இரும்பு அணு ஒன்று, அதற்கு மேலும் கீழும் பப்படம் போல இரண்டு கார்பன் வளையங்கள், ஒவ்வொரு வளையத்துக்கும் ஒரு கை, அந்தக் கைகள் பிடித்திருக்கும் பலேடியம் அணு. இந்த மாதிரிச் சேர்மத்தை வேதியியல்காரர்கள் காம்ப்ளெக்ஸ் என்றுதான் சொல்வார்கள்.

கரு ஆரஞ்சு நிறத்தில் பொடி கிடைத்துவிட்டது. சோதனைகள் எல்லாம் அவள் பக்கமே பேசின. ஆனால் எந்த அணு எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று எக்ஸ்ரே படம் எடுத்துக் காட்டினால்தான் உலகம் நம்பும். படம் எடுக்கப் பொடி உதவாது. மாசு மருவில்லாத ஒரு படிகம் வேண்டும்.

“திங்கட்கிழமை மெஷின் உனக்கு” என்று மேடம் சொல்லியிருந்தார். “படிகம் இல்லாம வராதே. இதை விட்டா மார்ச்சுலதான் அடுத்த வாய்ப்பு. அதுக்குள்ள அந்த வெளிநாட்டுக் குழு இதே மூலக்கூறைப் பேப்பராப் போட்டுருவாங்க.”

இத்தனை வருட உழைப்பு, ‘இவளும் செய்தாள்’ என்ற வரியில் முடிந்துபோகும்.

படிகம் வளர்ப்பது சமையலை விடச் சுலபம். பொடியைக் கரைத்துச் சின்னக் குப்பியில் ஊற்றி, அதன் மேல் ஹெக்சேன் என்ற திரவத்தை ஏடு போல மெல்லப் படரவிட வேண்டும். பிறகு சும்மா இருக்க வேண்டும். இரண்டும் மெதுவாகக் கலக்கக் கலக்கப் படிகம் வளரும். குலுங்கினால் எல்லாம் பொடியாக அடியில் இறங்கிவிடும்.

சங்கரன்கோவிலில் குலுங்காத இடம் எங்கே இருக்கிறது? அபிஷாவின் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி. தறி ஓடும்போது அலமாரியில் டம்ளர்கள் தாமாகப் பேசிக்கொள்ளும். கல்லூரி ஆய்வகத்துக்குக் கீழே ஜெனரேட்டர். ஆகவே அவள் ஒரு டம்ளரில் தளும்பத் தளும்பத் தண்ணீரோடு ஊரைச் சுற்றினாள். போன இடத்தில் டம்ளரைத் தரையில் வைத்து, பக்கத்தில் குப்புறப் படுத்து, தண்ணீரில் அலை எழும்புகிறதா என்று பார்த்தாள். அவள் வழக்கமாகப் போகும் சர்ச்சில் கிறிஸ்துமஸ் பாட்டுப் பயிற்சி, டிரம்ஸோடு. வங்கி லாக்கரில் வைக்கலாமா என்று கேட்டபோது, மேலாளர் ஆரஞ்சுக் குப்பியைப் பார்த்தார், பிறகு வாசலில் நின்ற காவலாளியைப் பார்த்தார். அபிஷா எழுந்து வந்துவிட்டாள்.

“பொண்ணு மண்ணு டெஸ்ட் பண்ணுதா” என்றது கடைத்தெரு.

விஜயராஜுக்கு உண்மை தெரியும். மகள் விளக்கிச் சொல்லியிருந்தாள். ஆனால் வியாபாரிகள் சங்கக் கூட்டத்தில் எல்லோரும் எழுந்து முன்வரிசை நாற்காலியைக் காட்டி, “என்ன வே, சொல்லவே இல்லையே!” என்று கேட்டபோது, இல்லை என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

“எல்லாம் பிள்ளையே பாத்துக்கிடுதா” என்றார் அடக்கமாக.

புதன்கிழமை சாயங்காலம் பாத்திரக்கடை சங்கரலிங்கம் ஒரு சீப்புப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவர் கடை வாடகைக் கட்டடத்தில். அதன் உரிமையாளரோடு நித்தம் ஒரு சண்டை. விஜயராஜுக்கு மூத்தவர் என்பதால் அபிஷாவுக்கு அவர் பெரியப்பா.

“மக்கா, எடம் தேடுதியாமே?”

“ஆமா பெரியப்பா! ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“ஊரே சொல்லுது. கரிவலம்வந்தநல்லூர் ரோட்டுல நம்ம பழைய பஞ்சு குடோன் சும்மா கெடக்கு. கல்லுக் கட்டடம். அங்கன வந்து பாரேன்.”

“பக்கத்துல தறி ஓடுமா?”

“காக்கா கூட கத்தாது.”

“லாரி?”

“ரோட்டுல இருந்து நல்லா உள்ள தள்ளி இருக்கு. ஆனா லாரி வந்து திரும்புத அளவுக்கு...” அவள் முகம் வாடுவதைப் பார்த்து, “வேண்டாம்னா வரவிட மாட்டேன்” என்றார். “சரி, எம்புட்டுப் பெருசா வரும்?”

“கடுகு அளவு வந்தா போதும் பெரியப்பா. பேராசைப்பட்டா காரியம் கெட்டுரும்.”

சங்கரலிங்கம் விஜயராஜ் பக்கம் திரும்பினார். “பிள்ளைக்கு என்ன அடக்கம் பாத்தீரா வே!”

விஜயராஜ் மின்விசிறியைப் பார்த்தார்.

“எப்பம் முடியும்?”

“யாரும் தொந்தரவு பண்ணலன்னா சனிக்கிழமை முடிஞ்சிரும்.”

“வார சனிக்கிழமையா?” அவருக்கு மூச்சடைத்தது. “இப்பம் எல்லாம் ரெடிமேடா வந்துட்டுது போல. மக்கா, ஒண்ணே ஒண்ணு கேக்கேன். எனக்குக் கார்னர்தான் வேணும்.”

“எனக்கும் கார்னர்தான் வேணும் பெரியப்பா. மூலையிலதான் ஆட்டம் கம்மி.”

மறுநாள் காலை குடோனில் டம்ளர் வைத்தாள். தண்ணீர் கண்ணாடி போல நின்றது. அபிஷா படுத்த நிலையிலேயே கைதட்டினாள். பிறகு ஊசியால் சொட்டுச் சொட்டாக ஹெக்சேனைப் படரவிட்டு, குப்பியை மூலையில் வைத்து, ‘மெதுவா, மெதுவா’ என்று தனக்குள் முணுமுணுத்தாள். வாசலில் நின்ற சங்கரலிங்கம் செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார். நாம் பூமி பூஜைக்கு ஊரைக் கூட்டுகிறோம், இவர்கள் ஒரே ஜெபத்தில் எவ்வளவு சிக்கனமாக முடித்துவிட்டார்கள் என்று வியந்தார்.

அங்கிருந்து நேரே கட்டட உரிமையாளரிடம் போனார். “ஒம்ம கடைய நீரே வச்சிக்கிடும் வே” என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த வாக்கியத்தைச் சொல்லவே பல வருடம் காத்திருந்தவர்.

வெள்ளிக்கிழமை விஜயராஜின் கடைக்குச் சங்கரலிங்கத்திடமிருந்து போன் வந்தது.

“விஜயராஜ், சீக்கிரம் வாரும்! ஜேசிபி கொண்டாந்துட்டேன். குடோனச் சுத்தி ஒரே முள்ளு, தள்ளிச் சமப்படுத்திருவோம். என் செலவு!”

விஜயராஜ் போனைக் கீழே வைக்காமலே மகளை இன்னொரு போனில் கூப்பிட்டார்.

அபிஷா வகுப்பைப் பாதியில் விட்டு ஸ்கூட்டியில் பறந்தாள். அவள் போய்ச் சேர்ந்தபோது ஜேசிபி குடோனுக்கு எதிரே கையைத் தூக்கியிருந்தது. வண்டியைக் கீழே போட்டுவிட்டு முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, என்ஜினை ஆஃப் பண்ணுங்க! உள்ள காம்ப்ளெக்ஸ் இருக்கு!”

டிரைவர் குடோனைப் பார்த்தார். “இந்த ஓட்டக் கட்டடமா காம்ப்ளெக்ஸ்?”

“எங்கன மக்கா? நேத்து வரைக்கும் இல்லையே” என்றார் சங்கரலிங்கம்.

என்ஜின் நின்றதும் அபிஷா எல்லாவற்றையும் சொன்னாள். மூலக்கூறு, படிகம், திங்கட்கிழமை மெஷின். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சிவந்தது.

“அப்பம் கடை?”

“கடை இல்ல பெரியப்பா.”

“மாடி?”

“மாடியும் இல்ல.”

“அந்த மனுசன் மூஞ்சிக்கு நேரா பேசிட்டு வந்துட்டேனட்டி! இனி பாத்திரத்த எல்லாம் தலையில வச்சா விப்பேன்?”

அப்போது விஜயராஜின் பைக் வந்தது. இருவரும் அவரைப் பார்த்தார்கள்.

“ஒமக்குத் தெரியுமா வே?”

“நான் பொய் ஒண்ணும் சொல்லல அண்ணாச்சி. சும்மாதான் இருந்தேன்.”

“நல்லா சும்மா இருந்தீரு!”

அபிஷா அப்பாவின் பக்கம் திரும்பவில்லை. “பெரியப்பா, எடம் ஒங்களுது. நாங்க பண்ணுன தப்புக்கு நீங்க இப்பமே ஜேசிபிய ஓட்டச் சொன்னாலும் நான் கேக்க முடியாது. ஓடுனா எனக்கு எல்லாம் போச்சு. நாளைக்கு வரைக்கும் விட்டீங்கன்னா...”

சங்கரலிங்கம் குடோனுக்குள் நடந்தார். அவள் பின்னாலேயே ஓடினாள். டார்ச் வெளிச்சத்தில் குப்பியின் சுவரில் ஊசி முனை அளவில் சில ஆரஞ்சுப் புள்ளிகள். அடியில் பொடி இல்லை.

“இதுவா?”

“இதான். இன்னும் வளரணும்.”

அவர் குனிந்து பார்த்தார். பிறகு வெளியே வந்து விஜயராஜிடம் விரலை நீட்டினார். “நீரு இப்பமே போறீரு. அந்த மனுசன்கிட்ட நடந்த முழுசையும் உம்ம வாயால சொல்லுதீரு. எனக்குக் கடை திரும்பி வரணும். வந்தாத்தான் இங்கன அமைதி.”

விஜயராஜ் போனார். அரைமணியில் போன் வந்தது. கட்டட உரிமையாளர் கதையை முழுக்கக் கேட்டார், சிரித்தார், பக்கத்துக் கடைக்காரர்களைக் கூப்பிட்டு மறுபடி சொல்லச் சொன்னார், மறுபடி சிரித்தார். கோபப்பட அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. கடை பழையபடி அண்ணாச்சிக்கே. ஆனால் விஜயராஜின் முன்வரிசை நாற்காலி அன்றோடு போயிற்று.

“ஏப்பா டிரைவரு” என்றார் சங்கரலிங்கம், “வண்டிய எடு. அதிராமப் போகணும். உள்ள பிள்ள தூங்குதுன்னு நெனச்சிக்கோ.”

டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் அந்த ஜேசிபி மாட்டுவண்டி வேகத்தில்தான் ரோட்டுக்குப் போனது.

சனிக்கிழமை காலை சங்கரலிங்கத்தோடு போய் அபிஷா குடோன் கதவைத் திறந்தாள். ஜேசிபி திரும்பிப்போன அதிர்வில் எல்லாம் உதிர்ந்திருந்தால்? டார்ச் அடித்தாள். ஆரஞ்சு மின்னியது. கூரான விளிம்பும் தட்டையான முகங்களுமாய், யாரோ பட்டை தீட்டி ஒட்டிவைத்தது போல ஒரு படிகம். பக்கத்தில் இன்னும் சில.

“என்னட்டி, அழுதியா?”

“ஹெக்சேன் வாடை பெரியப்பா.”

சங்கரலிங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். பாத்திரம் விற்பவர், பளபளப்பின் தரம் தெரிந்தவர். “சின்னதா இருந்தாலும் நல்லாத்தான் தீட்டியிருக்கான். யாரு?”

“யாரும் தீட்டல. தானா அப்படி வளருது.”

“தானாவா!” மறுபடி குனிந்து பார்த்தார். “சரி, காம்ப்ளெக்ஸுன்னா பேரு வேணும்லா. என்ன பேரு?”

அபிஷா குப்பியைக் கையில் எடுத்துக்கொண்டாள். “டைகுளோரோ, ஒன்று ஒன்று பிரைம், பிஸ், மெத்தாக்சிநாஃப்தைல் ஃபீனைல் பாஸ்பினோ ஃபெரோசீன், பலேடியம் டூ.”

அவர் கடைசி வரை மரியாதையாகக் கேட்டார்.

“மக்கா, இதுக்குப் போர்டு வச்சா இங்கன ஆரம்பிச்சு கரிவலம்வந்தநல்லூர்லதான் முடியும்.”

அபிஷாவுக்குச் சிரிப்பு பொங்கிக்கொண்டு வந்தது. குலுங்கிவிடுமே என்று முதலில் குப்பியைப் பத்திரமாகத் தரையில் வைத்தாள். அப்புறம்தான் சிரித்தாள்.