ஒற்றுப்பிழை

மணிமொழி அனுப்பிய கட்டு சனிக்கிழமை பகல் பதினொரு மணிக்கு வந்தது. நாற்பத்தாறு தாள்கள், மேலே கிளிப் போட்ட ஒரு துண்டுச்சீட்டு. ‘இரண்டாம் இயல். ஒற்றுப்பிழை மட்டும் பார்த்தால் போதும். 20ஆம் தேதிக்குள் தேவை.’ அவ்வளவுதான். ‘அன்புள்ள’ என்றோ ‘அண்ணனுக்கு’ என்றோ தொடக்கம் இல்லை. நிலக்கரிச் சுரங்க அலுவலகத்தின் கடிதப் பிரிவில் இருபத்தெட்டு வருடமாக உட்கார்ந்திருப்பவன் நான். விளி இல்லாத கடிதம் எனக்கு வாசல் இல்லாத வீடு மாதிரி.

பதினான்கு வருடமாக என் தங்கை என்னை எந்த முறை வைத்தும் கூப்பிட்டதில்லை. சென்னையிலிருந்து போன் வரும். நான் எடுத்தால் நாலு வார்த்தை. போன வாரமும் அப்படித்தான்.

“தீசிஸ்ல ஒற்றுப்பிழை நிறைய இருக்குன்னு கைடு சொல்றாங்க. பாத்துத் தர முடியுமா?”

“அனுப்பு. சாப்ட்டியா?”

“ம். அண்ணிகிட்ட குடுங்க.”

‘அண்ணே, குடு’ என்று என் கையிலிருந்து பிடுங்கித் தின்றவள். அந்தக் ‘குடுங்க’வில் இருக்கும் மரியாதை, பல்லில் மாட்டிய நார் போல நாள் முழுக்க உறுத்தும்.

சிவப்புப் பென்சிலைச் சீவிக்கொண்டு உட்கார்ந்தேன். தலைப்பு, ‘முற்றாதிக்கம்: தோற்றமும் கோட்பாடும்’. சர்வாதிகாரம் என்று போடாமல் ஏன் இந்தப் புதுச்சொல் என்று முதலில் தோன்றியது. மூன்றாம் பக்கத்தில் விளக்கியிருந்தாள். சர்வாதிகாரிக்கு மக்கள் வாயை மூடிக்கொண்டால் போதும். முற்றாதிக்கத்துக்கு அது போதாது, மனசார ஒத்துப் பேசவும் வேண்டும், வீட்டுக்குள்ளும் அது வரும். முன்னால் எழுதிய அறிஞர்கள் அதற்கு அடையாளங்களைப் பட்டியலிட்டார்களாம்: ஒரே கட்சி, ஒரே கொள்கை, ரகசியப் போலீஸ், கைக்குள் அடங்கிய பத்திரிகை. இன்னொரு சாரார், பட்டியலில் ஒன்றும் இல்லை, தனிமையைப் பாருங்கள் என்றார்களாம். பிடிமானம் அறுந்து ஒண்டியாகிப்போன மனிதர்கள்தான் அதன் விளைநிலம் என்று. அந்த வரியில் ஒரு ‘த்’ விட்டுப்போயிருந்தது. சேர்த்தேன்.

அமிர்தம் முருங்கைக்கீரையை ஆய்ந்துகொண்டே எட்டிப் பார்த்தாள்.

“அவ என்னா எழுதியிருக்கான்னு படிக்கிறீங்களா, புள்ளி மட்டும் எண்ணிக்கினு இருக்கீங்களா?”

“புள்ளி வைக்கத்தான் கேட்டா.”

“கல்யாணப் பத்திரிகை முந்நூறையும் பிரிச்சு, பேனாவால ‘க்’ போட்ட ஆளாச்சே. அன்னிக்கே எங்கப்பா கேட்டாரு, மாப்ளைக்கு வேற வேலை எதுவும் இல்லியான்னு.”

இருபத்தொன்பதாம் பக்கத்தில் பின்னால் வந்த ஆய்வாளர்கள் வந்தார்கள். ஜெர்மனியில் ஏதோ ஒரு ஊரில் ரகசியப் போலீஸின் கோப்புகள் எரியாமல் மிஞ்சியிருக்கின்றன. பிரித்துப் பார்த்தால், போலீஸ்காரர்கள் கொஞ்சம் பேர்தானாம். பாதி வேலையைச் செய்தவை கடிதங்கள். பக்கத்து வீட்டுக்காரர், கடைக்காரர், சொந்தக்காரர் எழுதியவை. யாரும் மிரட்டவில்லை. கேட்கக்கூட இல்லை. பலருக்குக் கொள்கையும் கிடையாது. ஒரு வீடு வேண்டும், ஒரு பகை தீர வேண்டும், ஒரு ஆள் கண்ணெதிரில் இல்லாமல் போக வேண்டும்.

பக்கத்தைத் திருப்பினேன். ‘இம்மனநிலைக்கு அத்தகைய அரசு தேவையில்லை, நம் ஊரே போதும்’ என்ற வரிக்குக் கீழே ஒரு கடிதம் மேற்கோளாக இருந்தது.

‘பொருள்: ஒப்பந்தத் தொழிலாளர் நெடுமாறன் மீது நடவடிக்கை கோருதல். ஐயா, மேற்படி நபர் நில எடுப்புக்கு எதிரான கூட்டங்களில் ஆட்களைத் திரட்டி வருகிறார். மேற்படி நபரை பணியில் வைத்திருப்பது தங்களுக்கு நல்லதன்று.’

அது நான் எழுதியது.

நெடுமாறன் கம்மாபுரம் பக்கத்துப் பையன். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம். ஒரு கான்ட்ராக்டரிடம், சுரங்கத்து மண் ஓடும் பெல்ட்டில் வேலை பார்த்தான். கூட்டத்துக்கு அவன் ஊரே போனது, அவனும் போனான். எனக்குக் கூட்டம் ஒரு பொருட்டே இல்லை. பர்மனென்ட் வீட்டுப் பெண் ஒரு கான்ட்ராக்ட் பையனோடு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பேசிப் போவதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. அம்மா போய் ஒரு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை, குவார்ட்டர்ஸில் நானும் அவளும்தான். அவளும் போய்விட்டால் என்ற பயத்துக்கு அன்று நான் வேறு பெயர் வைத்திருந்தேன். இடக்கையால் எழுதி, கான்ட்ராக்டருக்குத் தபாலில் போட்டேன். மொட்டைக் கடுதாசிக்கும் ‘பொருள்’ என்று தலைப்புப் போட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கையெழுத்தை மறைத்தேன்; இலக்கணத்தை மறைக்கத் தெரியவில்லை.

ஒரே வாரத்தில் அவனை நிறுத்திவிட்டார்கள். திருப்பூர் போனதாகக் கேள்வி. இரண்டு மாதம் கழித்து மணிமொழி ஒரு பெட்டியோடு சென்னை பஸ் ஏறினாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருடமும் இருந்தேன்.

அடிக்குறிப்பில் இருந்தது: ‘நகல், பாதிக்கப்பட்டவரால் ஆய்வாளரிடம் தரப்பட்டது. கையொப்பம் இல்லை. தேதி இல்லை. எழுதியவர் நன்கு தமிழ் கற்றவர்.’

‘நபரை பணியில்.’ ஒரு ‘ப்’ இல்லை. நான் அப்படி எழுதியிருக்க மாட்டேன். இடக்கையானாலும் எழுத மாட்டேன். தட்டச்சில் விட்டுப்போனதா, வேண்டுமென்றே விட்டாளா? மேற்கோளுக்குள் கை வைக்கக் கூடாது, மூலத்தில் உள்ளபடியே இருக்க வேண்டும் என்பது விதி. அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான். நகலைப் பார்க்காமலே, மூலத்தில் அந்தப் ‘ப்’ இருந்தது என்று அடித்துச் சொல்ல எழுதியவன் ஒருவனால்தான் முடியும். விதிப்படி திருத்தாமல் விட்டால், ஒன்றும் வெளியே தெரியாமல் நாற்பத்தாறு பக்கமும் திரும்பிப் போகும். அடுத்த வாரமும் போன் வரும். ‘அண்ணிகிட்ட குடுங்க.’

“என்னாங்க, ஒரே பக்கத்துல உக்காந்துட்டீங்க?” அமிர்தம் கீரைத் தட்டோடு நின்றாள். “அவ்ளோ தப்பா?”

“ஒண்ணுதான்.”

“ஒண்ணுக்கா இவ்ளோ நேரம்? போட்டுட்டு வாங்க, சோறு ஆறுது.”

இரண்டு சொற்களுக்கும் நடுவில் செருகல் குறி போட்டு, மேலே ‘ப்’ என்று எழுதினேன். சிவப்பு சரியாக விழவில்லை. இன்னொரு முறை அதன் மேலேயே எழுதினேன்.

திங்கட்கிழமை சாப்பாட்டு நேரத்தில் தபால் நிலையம் போனேன். கவுண்டரில் செவ்வந்தி கவரை எடை போட்டுவிட்டுத் திருப்பிப் பார்த்தாள்.

“என்னா சார், அனுப்புநர் காலியா இருக்குது? நீங்களா இப்படி? இன்னிக்கு மழ வரப்போவுது.”

எப்போதும் அனுப்புநரை முதலில் எழுதிவிட்டுத்தான் பெறுநருக்கே போவேன். கவரைப் பார்த்தேன். இடது பக்கம் வெறுமையாக இருந்தது.

“கட்டாயமா?”

“பேரு இல்லாம எடுக்க மாட்டோம் சார். உங்களுக்குத் தெரியாததா?”

கவுண்டரில் நூல் கட்டித் தொங்கிய பேனாவை எடுத்தேன். வெளியே ஜெனரல் ஷிப்ட் ஆட்களின் பஸ் ஒன்று பழுப்புத் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. என் பெயர் ‘மதிவாணன’ வரை வந்துவிட்டது. கடைசிப் புள்ளிக்கு மை வரவில்லை. உள்ளங்கையில் கிறுக்கிப் பார்த்தேன், வரவில்லை. எனக்குப் பின்னால் நாலு பேர் நின்றார்கள். செவ்வந்தி தன் பேனாவின் மூடியைக் கழற்றி, கம்பி இடைவெளி வழியாக நீட்டினாள்.