கொல்லைக்கு வந்த அருவி

மழைக்காலம் முடிந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, தீவின் பெரிய அருவி மலையிலிருந்து இறங்கி, வழிகாட்டியம்மாளின் பின்னாலேயே அவள் வீட்டுக்கு வந்துவிட்டது. நானூற்றுப் பன்னிரண்டு படிகள், நுழைவுச்சீட்டுக் கூண்டு, பேருந்து நிறுத்தம், மீன் சந்தை எல்லாவற்றையும் தாண்டித்தான் வந்தது. எதிரில் வந்தவர்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஒதுங்கி வழிவிட்டார்கள். அவள் மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. இருபத்தேழு வருடங்களாகக் காதுக்குள்ளேயே கிடக்கும் இரைச்சல்தானே என்று நடந்தாள்.

தினமும் எட்டு மணிக்குப் படகுத்துறையில் நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்புவாள். முதலில் வௌவால் குகை, அப்புறம் ஆமைகள் ஏறும் கடற்கரை, கடைசியில் அருவி. ஆமைக்கு எத்தனை வயது என்று தினமும் ஒருவர் கேட்பார். உடும்பு கடிக்குமா என்று இன்னொருவர் கேட்பார். அருவிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுதான் அதன் உயரத்தைச் சொல்வாள். முட்டி இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அவள் புருஷனோ அருவியைப் பார்த்ததே இல்லை. படகுத்துறையில் இயந்திரம் பழுதுபார்த்த காலத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று தள்ளித் தள்ளிப் போட்டார். ஆறு வருடத்துக்கு முன்னால் பக்கவாதத்தில் அவருக்கு வலப்பக்கம் மொத்தமும் விழுந்துவிட்டது. அதிலிருந்து பின்னறைக் கட்டில்தான். ஜன்னலைத் திறந்தால் கொல்லைச் சுவர்தான்.

முந்தின நாள் சாயங்காலம் அவர் கேட்டிருந்தார். "ஊரான் வீட்டு ஆளுக்கெல்லாம் அளந்து விடுற. எனக்கும் சொல்லேன், அது எப்படித்தான் இருக்கும்?"

"தண்ணிதாங்க. மேல இருந்து கீழ விழுது," என்றாள். குரல் சுள்ளென்று வந்துவிட்டது. அவர் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். மறுநாள் அருவி முன்னால் நின்றபோது அவளுக்கு உயரம் மறந்துபோயிற்று. வாய் திறந்தபடியே நின்றாள். பயணிகள் அதை ஏதோ மரியாதை என்று எண்ணித் தாங்களும் பேசாமல் நின்றார்கள். பிறகு அவள் இறங்கி வந்தாள், அருவியும் வந்தது.

சந்து வழியாகக் கொல்லைக்குள் நுழைந்து, சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்று விழத் தொடங்கியது. எதன் மேலிருந்து விழுகிறது என்று அண்ணாந்து பார்த்தால் ஒன்றும் இல்லை. அவர் வெகுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவ்ளோ சத்தமா? நீ சொல்லவே இல்லையே."

"சொல்லத் தெரியலீங்க," என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடி அவள் அருவியைப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

ஒரு வாரத்துக்குள் அருவியைத் தேடிக்கொண்டு தவளைகள் வந்தன. பாறை இடுக்கில் கூடு கட்டும் குருவிகள் சமையலறைப் பரணில் குடியேறின. இரண்டு உடும்புகள் துவைக்கிற கல்லில் படுத்துக்கொண்டன. எதிர் மாடியின் ஆண்டெனாவில் ஒரு ஜோடி இருவாச்சிப் பறவை உட்கார்ந்தது. உப்பு நீர்த்தது, தீக்குச்சி நமுத்தது. "துணி காயவே மாட்டேங்குதுக்கா," என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. "கொஞ்சம் தள்ளி நிக்கச் சொல்லுங்க." சொன்னார்கள், ஒரு முழம் தள்ளி நின்றது.

சுற்றுலா அலுவலக மேலாளர் கடிதத்தோடு வந்தார். பொதுச் சொத்தை வீட்டில் வைத்திருப்பது குற்றம், திரும்பக் கொண்டுபோய் விடாவிட்டால் வேலை போய்விடும் என்று அதில் இருந்தது.

"நான் வச்சிருக்கல சார். அதுவா இருக்கு."

"எப்படிக் கூட்டிட்டு வந்தீங்களோ, அப்படியே கூட்டிட்டுப் போங்கம்மா."

வேலை போனால் மருந்து மாத்திரைக்கு எங்கே போவது? மலை ஏறினாள். அருவி அவள் பின்னாலேயே நுழைவுச்சீட்டுக் கூண்டு வரைக்கும் வந்து, படியைப் பார்த்து நின்று, வீட்டுக்குத் திரும்பிவிட்டது. மறுநாளும் அதேதான். மூன்றாம் நாள் மேலாளரும் கூடவே ஏறினார். இருநூறாவது படியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"இனி முடியாது சார். வேலைய எடுத்துக்குங்க. அதுக்கும் முட்டி வலிக்குதோ என்னவோ."

மேலாளர் கனத்த உடம்புக்காரர். ஓய்வுபெற இரண்டு வருடம் இருந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு அவளுக்குக் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். மூச்சு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று. பிறகு கொண்டுவந்த அலுவலகக் கோப்பைத் தொடைமேல் வைத்து, அருவியின் பெயருக்கு நேரே 'இடமாற்றம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "எனக்கு ஒரு மாறுதல் வாங்க ஒன்பது வருஷம் ஆச்சு," என்றார். இருவரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு இறங்கினார்கள்.

அதற்கப்புறம் பேருந்து சந்து முனைக்கே வந்தது. முதல் நாள் மதியம், பயணிகளைக் கொல்லையில் விட்டுவிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தவள் எழுந்திருப்பதற்குள், அவள் புருஷன் ஜன்னல் வழியாகவே அவர்களிடம் பேசத் தொடங்கிவிட்டார். வருடக்கணக்காக அவள் தூக்கத்தில் முணுமுணுத்த வழிகாட்டிப் பேச்சையெல்லாம் அவர் மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். வாய் கொஞ்சம் கோணினாலும் சொல் தெளிவாக இருந்தது. உயரத்தில் மட்டும் இருபது அடி கூட்டிச் சொன்னார். யாரும் அளந்து பார்க்கவில்லை. அவள் முன்னறையில் பாயை விரித்து, காலைச் சுவரில் தூக்கிப் போட்டுக்கொண்டு தூங்கிப்போனாள்.

"சத்தம் போடாதீங்க. அவ தூங்குறா," என்று அவர் சொன்னார். நாற்பது பேரும் அடிமேல் அடி வைத்து நகர்ந்தார்கள். அருவியும் குரலைத் தாழ்த்திக்கொண்டது. இப்போது தீவின் வரைபடத்தில், மதியம் இரண்டிலிருந்து நான்கு வரை அருவியில் சத்தம் இருக்காது என்று அச்சடித்தே கொடுக்கிறார்கள்.