கர்ட்டுக்காக வைத்த கார்

"அதைத் தொடாத. அது கர்ட் பிரிச்சு வெச்சது."

"இங்க இருக்கிற எல்லாமே கர்ட் பிரிச்சு வெச்சதுதான்ப்பா. எதையும் தொடாம எப்படித் திரும்பப் பூட்டறது?"

"அதைத்தான் நானும் கேக்கறேன். எப்படிப் பூட்டுவ?"

அப்பா மடக்கு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். காரின் அடியிலிருந்து இரண்டு பூட்ஸ் கால்கள் மட்டும் நீட்டிக்கொண்டிருந்தன. எதிர் வீட்டு வெர்ன். பூட்ஸ்கள் பேசின.

"ஹார்லன், உனக்கு வேற வேலையே இல்லையா? உள்ள போய் பேஸ்பால் பாரு."

"என் கொட்டகை. என் கார். நான் இங்கதான் உக்காருவேன்."

"உன் வாய் மட்டும்தான்யா இன்னும் துருப்பிடிக்கல. மார்லா, அந்த அரை இஞ்ச் ஸ்பேனரைக் குடு. அரை இஞ்சும்மா. இது ஒன்பது பதினாறு, அதைவிடப் பெருசு."

கொடுத்தேன். அந்த ஏப்ரல் மாதத்தில் எனக்கு ஸ்பேனர்களை அளவு பார்த்து எடுக்கக்கூடத் தெரியாது. பள்ளிக்கூடச் சமையலறையில் முந்நூறு பிள்ளைகளுக்கு மக்ரோனி வேகவைப்பவள் நான். என் கைக்குத் தெரிந்த மிகப் பெரிய கருவி கரண்டி.

கார் எழுபதாம் வருடத்து பான்டியாக். ஆரஞ்சு நிறம். கல்யாணத்துக்கு முன்பு அப்பா வாங்கியது. என் தம்பி கர்ட்டுக்குப் பத்தொன்பது வயதான கோடையில், இரண்டு பேரும் சேர்ந்து அதைப் புதிதாக்குவதென்று பிரிக்க ஆரம்பித்தார்கள். எனக்கு அழைப்பில்லை. எலுமிச்சைச் சாற்றைக் கொட்டகை வாசலில் வைத்துவிட்டு வருவேன். உள்ளே அவர்கள் சிரிக்கும் சத்தம் கேட்கும். கடைசித் திருகுவரை பிரித்து முடித்தார்கள். பூட்டத் தொடங்குவதற்குள் சண்டை வந்துவிட்டது. எதற்காக என்று இருவருமே சொன்னதில்லை. கர்ட் ஒரு பையோடு அரிசோனாவுக்குப் போனான். கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வரும். அதிலும் கையெழுத்து அவன் மனைவியுடையது.

அதன்பிறகு பதினெட்டு மிச்சிகன் குளிர்காலங்கள் அந்தக் கொட்டகைக்கு மேல் விழுந்தன. போல்ட்டுகளைக் காபி டப்பாக்களில் போட்டு, காகித ஒட்டுப்பட்டையில் பெயர் எழுதி ஒட்டியிருந்தார்கள். பட்டைகளின் பசை காய்ந்து, எல்லாப் பெயர்களும் உதிர்ந்து தரையில் இலைபோலக் கிடந்தன. 'தண்ணீர் பம்ப்' ஒரு மூலையில், 'முன் பம்பர்' இன்னொரு மூலையில். எது எந்த டப்பாவின் பெயர் என்று சொல்ல யாருமில்லை. ஓட்டுநர் இருக்கைக்குள் எலிகள் குடும்பம் நடத்தியிருந்தன. என்ஜினுக்குள் ஈரம் இறங்கித் துரு பூத்திருந்தது.

போன குளிர்காலத்தில் அப்பா இடுப்பை உடைத்துக்கொண்டார். விவாகரத்து முடிந்து எனக்கும் போக்கிடம் இல்லாத நேரம். வந்து தங்கினேன். வசந்தத்தில் ஏணி தேடிக் கொட்டகையைத் திறந்தபோது அந்தக் கார் என்னைப் பார்த்தது. விளக்குகள் இல்லாத இரண்டு குழிகளால். அன்று இரவுச் சாப்பாட்டில், அதைப் பூட்டலாமே என்றேன்.

"யாரு? நீயா?"

"ஏன், நான்தான்."

அப்பா கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு, சூப்பில் பிஸ்கட்டை நொறுக்கிப் போட்டபடி சொன்னார்: "ஓட வெச்சுட்டா நீயே வெச்சுக்கோ."

அவருக்கு அது வேடிக்கைப் பேச்சு. எனக்கு நாற்பது வயது. அந்த வீட்டில் யாரும் எதையும் எனக்கென்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அந்தக் கோடை முழுவதும் தப்பு செய்தேன். போட்ட போல்ட்டைக் கழற்றுவேன், கழற்றியதை வேறு இடத்தில் போடுவேன், மிச்சமாகக் கையில் நிற்பதைப் பார்த்து மறுபடி எல்லாவற்றையும் கழற்றுவேன். பிரேக் குழாயைத் தலைகீழாக வளைத்தேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் ஊர் உணவகத்தின் முன்னால் பழைய கார்களைக் கொண்டுவந்து, என்ஜின் மூடியைத் திறந்துவைத்து நிற்பார்கள். அவர்களிடம் சந்தேகம் கேட்கப் போனேன்.

"யார் பூட்டறது?" என்றார் ஒருவர்.

"நான்தான்."

"சரிம்மா. யாரு பூட்டறாங்கன்னு கேட்டேன்."

அதற்குப் பிறகு வெர்னைத் தவிர யாரிடமும் கேட்கவில்லை. வெர்ன் என்ஜின் கடைசல் கடை வைத்திருந்தவர். துருவைச் சுரண்டி என்ஜினின் உடலை மீட்டுக்கொடுத்தார். உள்ளே இருந்த கேம் ஷாஃப்ட் மட்டும் தேறவில்லை. வால்வுகளைத் தூக்கி இறக்கும் தண்டு அது. புதிதாக வாங்கிப் போட்டேன். நானே போட்டேன், குழந்தைக்கு மருந்து தடவுவதுபோல ஒவ்வொரு மேட்டிலும் கறுப்புப் பசை தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு உள்ளே செலுத்தினேன்.

வேலை முன்னேற முன்னேற அப்பாவின் கேலி குறைந்தது. ஆகஸ்டில் என்ஜினைக் காருக்குள் இறக்கிய அன்று ஒரு வார்த்தை பேசவில்லை. இரவு சாப்பிடவும் இல்லை. மனம் நெகிழ்ந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அவர் தட்டை மூடி வைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அக்டோபரில் ஒரு ஞாயிறு, தேவாலயம் முடிந்து வந்ததும், முதல் முறையாக உயிர் கொடுப்பதென்று முடிவானது. வெர்ன் காலையிலிருந்து ஒரே விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"புது கேம். பத்திக்கிச்சுன்னா உடனே வேகத்தை ஏத்திப் பிடி. இருபது நிமிஷம் இறக்கவே கூடாது. அது வேகமா சுத்தினாத்தான் எண்ணெய் தெறிச்சு அதுமேல விழும். மெதுவா விட்டா காஞ்சுபோயி மேடெல்லாம் தேஞ்சிரும். என்ன சொன்னேன்?"

"இருபது நிமிஷம் இறக்கக் கூடாது."

"யார் சொன்னாலும்?"

"யார் சொன்னாலும்."

"ஜனாதிபதி வந்து சொன்னாலும்."

"எங்க வீட்டுக்கு அவர் வரமாட்டார் வெர்ன். உங்க பழைய ஜீப்பைப் பாத்துட்டே திரும்பிப் போயிருவார்."

முதல் முயற்சியில் கார்புரேட்டர் வழியாகத் தீ துப்பியது. தீப்பொறியைப் பங்கிட்டுக் கொடுக்கும் டிஸ்டிரிபியூட்டரைத் திருப்பிப் போட்டிருந்தேன். வெர்னின் இடது புருவம் பாதி போய்விட்டது. "இத்தனை வருஷத்துல என் பொண்டாட்டியால முடியாததை நீ செஞ்சுட்ட," என்றார். சரிசெய்தோம். மறுபடி சாவியைத் திருப்பினேன்.

அது கத்திக்கொண்டு பிறந்தது. கொட்டகையின் தகரம் அதிர்ந்தது. உத்தரத்திலிருந்த தூசி எங்கள் தலையில் கொட்டியது. நான் ஓடிப்போய் முன்னால் நின்று, கார்புரேட்டரின் இணைப்புக் கம்பியைக் கையால் பிடித்து வேகத்தை ஏற்றினேன். வெர்ன் கட்டைவிரலை உயர்த்தினார். நான் அழுதுகொண்டிருந்தேன் போலிருக்கிறது. கன்னத்தில் தூசி சேறாகியிருந்ததைப் பிறகுதான் பார்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் ரேடியேட்டர் குழாயை இறுக்கும் பட்டி தளர்ந்து தண்ணீர் கசிந்தது. "அப்படியே பிடிச்சிரு! வீட்ல பட்டி இருக்கு!" என்று வெர்ன் சாலையைத் தாண்டி ஓடினார்.

அப்பா எழுந்தார். கைத்தடி இல்லாமல் வந்தார். காரின் ஆரஞ்சுத் தோள்மேல் உள்ளங்கையை வைத்தார். அந்த முகத்தை நான் பார்த்ததில்லை. அதாவது, என் பக்கம் திரும்பிப் பார்த்ததில்லை. கொட்டகை வாசலில் நின்று, அவர் கர்ட்டைப் பார்க்கும்போது பார்த்திருக்கிறேன்.

"இறக்கி விடு," என்றார் என் காதருகில்.

"கூடாதுப்பா. வெர்ன் சொன்னார்."

"வெர்னுக்கு என்ன தெரியும்? நான் கார் ஆலையில முப்பது வருஷம் இதே வேலை பாத்தவன். ஒரு நிமிஷம் இறக்கி விடு. இது அடங்கி உறுமற சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷமாச்சு." பிறகு சொன்னார்: "என் கண்ணில்ல."

கர்ட்டை மட்டுமே அவர் அப்படிக் கூப்பிடுவார்.

கையை எடுத்தேன்.

கூச்சல் அடங்கி, அந்த என்ஜின் தூக்கத்தில் புரளும் மிருகம்போலத் தடதடத்து உறுமியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு நிமிடம் என்றவர் கையைக் காட்டி இன்னும், இன்னும் என்றார். நானும் கேட்டுக்கொண்டு நின்றேன். அவ்வளவு நெருக்கமாக நாங்கள் இருவரும் நின்றதே இல்லை. அந்தச் சத்தம் முடியவே கூடாது என்றிருந்தது எனக்கு.

வெர்ன் சாலையிலிருந்தே கத்திக்கொண்டு வந்தார். அவர் வந்து சேர்வதற்குள் உறுமலுக்கு நடுவே ஒரு சின்ன டிக் டிக் கேட்டது. பிறகு இன்னொன்று. நான் வேகத்தை ஏற்றினேன். சத்தம் ஏறியது, டிக் டிக்கும் கூடவே ஏறியது.

"நிறுத்து," என்றார் வெர்ன். இந்தமுறை கத்தவில்லை.

எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, தகரத்தை வெட்டி, உள்ளே மடிப்பு மடிப்பாக இருந்த தாளை வெளிச்சத்தில் விரித்தார். கறுப்பு எண்ணெயில் வெள்ளித்துகள் மின்னியது. நல்ல பிறந்தநாள் அட்டையில் மினுக்கு ஒட்டியிருக்குமே, அப்படி.

"கேம் போச்சு. துகளு எல்லா இடத்துக்கும் போயிருக்கும். பேரிங் எல்லாம் பாக்கணும். முழுசா பிரிக்கணும்மா."

"எவ்வளவு பிரிக்கணும்?"

"எல்லாத்தையும்."

வெர்ன் தாளைக் கீழே வைத்துவிட்டு அப்பாவிடம் போனார். அப்பா மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து கைத்தடியை மடியில் வைத்திருந்தார்.

"ஹார்லன், நீ என்ஜின் சோதனைப் பிரிவுல இருந்தவன். புதுசா எத்தனையை ஓட வெச்சிருப்ப? இருபது நிமிஷம் இறக்கக் கூடாதுங்கறதைத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவியேய்யா."

"வயசாச்சு வெர்ன்," என்றார் அப்பா. என்னைப் பார்க்கவில்லை.

வெர்ன் திரும்பினார். என்னைப் பார்த்தார். பாதிப் புருவத்தோடு அவர் முகம் எதற்கோ வியந்ததுபோலவே இருந்தது. கருவிப் பெட்டியை மூடிக்கொண்டு, "நாளைக்கு வரேன்," என்று சாலையைக் கடந்து போனார்.

நான் கையைக் கழுவினேன். எவ்வளவு சோப்பு போட்டும் மினுக்கு போகவில்லை. சூப்பைச் சூடாக்கி அப்பா முன்னால் வைத்தேன். ஆகஸ்டிலிருந்து அரைக் கிண்ணத்தைத் தாண்டாதவர், முழுக் கிண்ணத்தையும் சாப்பிட்டுவிட்டு இன்னும் கொஞ்சம் கேட்டார். ஊற்றினேன்.

"மனசை விட்டுடாத," என்றார் இதமாக. அன்றைக்கு முழுவதும் அவர் குரல் இதமாகத்தான் இருந்தது. "நல்லாத்தான் செஞ்ச. ஆனா இதெல்லாம் ரெண்டு ஆம்பளை சேர்ந்து செய்யற வேலை. பிரிச்சு பத்திரமா வெச்சுடலாம். கர்ட் வந்தா பாத்துப்பான்."

"கர்ட் வரமாட்டான்ப்பா."

"கார் அப்படியே கிடந்தா வருவான்."

அவர் கரண்டியால் கிண்ணத்தை வழித்தார். நான் அவருக்கு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"அப்பா. உனக்கு மறந்துபோச்சு. வயசாயிடுச்சு, அந்த நேரத்துல ஞாபகம் வரல, அதனாலதான் இறக்கி விடச் சொன்ன. அப்படின்னு என்னைப் பாத்து ஒரே ஒரு தடவை சொல்லிடு. நான் நம்பிக்கறேன்."