கடைசிக் கண்ணி

...பதினெட்டு, பதினேழு, பதினாறு, எண்ணக் கூடாது, முகத்தைப் பார்க்க வேண்டும், தண்ணீர் வேண்டுமா என்று கேட்க வேண்டும், ஆனால் கண் நேராக புதிதாக வந்திருக்கும் அந்தப் பெண்ணின் மடியில் கிடக்கும் மஞ்சள் பின்னலுக்குத்தான் போகிறது, ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கண்ணி குறைகிறது, திரும்பும்போது கடைசிக் கண்ணியை விட்டுவிடுகிறாள், குரோஷா ஊசியைப் புதிதாகப் பிடிக்கும் எல்லோரும் செய்கிற தப்பு, ஓரத்தில் இருப்பது கண்ணில் படாது, சதுரமாக வர வேண்டியது முக்கோணமாகிவிடும், பரவாயில்லை, காலையில் பல் துலக்கும்போதே கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினேன், ரொம்ப நல்லா வருதும்மா... வாய் கோணிக்கொண்டது. நூலகத்தின் பின்னறை, சனிக்கிழமைப் பின்னல் கூட்டம், மூன்று மணி. ஒரு காலத்தில் வட்டமாகப் பன்னிரண்டு நாற்காலி போடுவேன், இன்று ஆறு, எப்போது ஆறானது, ஒவ்வொருவராக ஓரத்திலிருந்து போயிருக்கிறார்கள், நான் பார்க்கவில்லையா? ஆறு பேருக்குக் குறைந்தால் அறையைச் சதுரங்கக்காரர்களுக்குக் கொடுத்துவிடுவதாக நூலகர் சொல்லிவிட்டார், இவளோடு சேர்த்துத்தான் ஆறு, இவள் அடுத்த வாரமும் வர வேண்டும், அவ்வளவுதான் வேண்டும் எனக்கு. வேறெங்கே போவேன்? இங்கேதான் நான் பிரியக்கா. யார் வைத்த பெயரோ, பிரியமான அக்கா. தபால் நிலையத்தில் முப்பத்திரண்டு வருடம் கடிதம் பிரித்தேன், ஒருவரும் அப்படிக் கூப்பிட்டதில்லை, இங்கே முதல் தடவை அது காதில் விழுந்த அன்று பஸ்ஸை விட்டுவிட்டு வீடுவரை நடந்தே போனேன்.

நூல் ஏன் இப்படி இருக்கிறது? புது நூல் நேராக இருக்கும், இது நெளிநெளியாக, சடை அவிழ்த்த முடி போல, ஒரு தடவை பின்னிப் பிரித்த நூல் அந்த வளைவை லேசில் விடாது... மஞ்சள். இதே மஞ்சளை என் கை பிரித்திருக்கிறது. இரண்டு வருடம் இருக்கும், இதே கதவோரத்து நாற்காலி, ஒல்லியாக ஒருத்தி, நாலு வாரம் வந்தாள், இதே முக்கோணம். "இதென்ன, பூனைக்குக் கோவணமா?" என்றேன், ஊசியை உருவினேன், நுனியைப் பிடித்து இழுத்தேன், சரசரவென்று வந்தது, அவளுடைய நாலு வாரம் அரை நிமிடத்தில் தரையில் கிடந்தது. எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்தாளே. ஒரு இழைகூட விடாமல் பொறுக்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள், அப்புறம் வரவில்லை.

"இந்த நூல் எங்கம்மா வாங்கின?" கேட்டது என் குரல்தானா?

"வாங்கல. எங்க அக்காவோடது."

ஆரம்பத்திலிருந்தே வரும் மருந்துக்கடைக்காரியின் ஊசி நின்றது. வங்கிக்காரம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், துடைத்துக்கொண்டே இருந்தாள்.

"உங்க அக்கா வரலையா?"

"அவ இப்ப எதையும் கையால தொடுறதில்ல," என்றாள் அந்தப் பெண், மழை வரும்போல இருக்கிறது என்பது மாதிரி. "பக்கத்துல உக்காந்து சொல்லுவா, நான் பின்னுவேன். வரிசை முடியறப்பல்லாம் சொல்லுவா. கடைசிய விடு, கடைசிய விடுன்னு."

அப்படியானால் இது தப்பில்லை, தெரிந்தே விட்டது, வரிசைக்கு ஒன்றாக, எண்ணி... மின்விசிறி சுற்றுகிறது, காற்று வரவில்லை. சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு. "ரொம்ப நல்லா வருதும்மா," வாய் கோணவில்லை, மனதார வந்தது, "பிரிக்க வேண்டாம், இதுலேர்ந்தே ஒண்ணொண்ணா கூட்டிக்கிட்டே போகலாம், நான் கூட இருக்கேன்."

அவள் முகத்தில் சந்தோஷம் இல்லை. தவறான வீட்டுக் கதவைத் தட்டியவள் போல என்னைப் பார்த்தாள்.

"நீங்கதானே பிரியக்கா?"

"ஆமா."

"அப்ப பிரிச்சுடுங்க. அதுக்குத்தான் எங்க அக்கா அனுப்புனா. பிரிக்கிறதாலதானே உங்களுக்கு அந்தப் பேரு?"

சிரித்தேன். சே, அப்படியெல்லாம் இல்லம்மா என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். மருந்துக்கடைக்காரி குனிந்து தன் கண்ணிகளை எண்ணினாள். வங்கிக்காரம்மாவும் எண்ணினாள். நாலு பேரும் எண்ணினார்கள், உதடு அசைந்தது, சத்தமில்லை, அன்றைக்கும் இப்படித்தான் குனிந்திருந்தார்களோ, அப்போது சிரித்தது யார், அறை முழுக்கக் கேட்டதே, ஒரே ஆளின் சிரிப்பா அது... அந்தப் பெண் ஊசியை உருவிவிட்டுப் பின்னலை என் மடியில் வைத்தாள். முக்கோணத்தின் முனையில் ஒரு கண்ணிதான் மிச்சம், திறந்திருக்கிறது. வேண்டாம், நான் இழுக்க மாட்டேன், சொல்லத்தான் வாயைத் திறக்கிறேன், நூலின் நுனி ஏற்கெனவே என் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது, எப்போது சுற்றினேன்?