கழற்றிவிட்டுத் தொடு

ஜெயஸ்ரீயிடம் எந்த பேட்டரியைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் முதலில் ஒரே பதில்தான் வரும். "பத்து நிமிஷ வேலைண்ணா." அந்தப் பத்து நிமிஷம் இரண்டு மணி நேரமும் ஆகும், இரண்டு நாளும் ஆகும், அது வேறு விஷயம். குரோம்பேட்டையில் ஜி.எஸ்.டி. ரோட்டை விட்டு உள்ளே திரும்பினால், ஜெராக்ஸ் கடைக்கும் டியூஷன் சென்டருக்கும் நடுவே ஒரு கட்டில் அகலத்துக்கு இருக்கிறதே, அதுதான் அவள் கடை. இன்வெர்ட்டர், யு.பி.எஸ்., பேட்டரி சைக்கிள் என்று எல்லாம் அங்கே வரும். பதினாறு வருஷமாக இதே வேலை. கைராசிக்காரி என்று தெருவில் பெயர்.

கைராசியாவது ஒன்றாவது! அவளிடம் இருந்ததெல்லாம் ஒரே ஒரு பழக்கம். கழற்றிவிட்டுத் தொடு. கிண்டியில் ஒரு யு.பி.எஸ். கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், பக்கத்து மேஜைக்காரர் இணைப்பைக் கழற்றாமல் ஸ்குரூடிரைவரை உள்ளே விட்டார். பட்டென்று ஒரு சத்தம், கண் கூசும் வெளிச்சம். அவருடைய வலது கையில் இரண்டு விரல்கள் அதற்கப்புறம் மடங்கவே இல்லை. அன்றிலிருந்து ஜெயஸ்ரீ எந்தப் பெட்டியைத் திறந்தாலும் முதலில் போர்டுக்குப் போகும் இணைப்பைக் கழற்றி வைத்துவிடுவாள். மற்றதெல்லாம் அப்புறம்தான். அவசரம் என்று யார் தலைகீழாக நின்றாலும் இந்த ஒன்றை மட்டும் மாற்ற மாட்டாள்.

செவ்வாய்க்கிழமை காலை சவுரிமுத்து வந்தார். வந்தார் என்று சொல்வதே தப்பு, யாரோ இரண்டு பேர் தள்ளிக்கொண்டு வந்து விட்டார்கள். இளம்பிள்ளை வாதத்தில் சின்ன வயதிலேயே இரண்டு கால்களும் போனவர். வீல்சேரின் முன்னால் மோட்டார் வைத்த ஒற்றைச் சக்கரத்தை மாட்டிக்கொண்டு மூன்று வருஷமாகக் குரோம்பேட்டைக்கும் பல்லாவரத்துக்கும் பறந்துகொண்டிருந்த மனிதர். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் துணி விரித்துப் பழைய ஸ்விட்ச், பிளக், ரிமோட், அடாப்டர் விற்பது அவர் தொழில்.

"ஜெயஸ்ரீம்மா, வண்டி நூறு அடி போவுது, நின்னுடுது. பேட்டரி பூட்ச்சு, புச்சு வாங்குன்றான் கம்பெனிக்காரன். புச்சு வர ஆறு வாரம் ஆவுமாம். போன வெள்ளியே நான் சந்தைக்குப் போவல. இந்த வெள்ளியும் போவலன்னா எடத்த எவனாச்சும் புட்ச்சிக்குவான்."

அந்தச் சந்தையில் தரைக்கடைக்காரர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. ஒரு வெள்ளி ஒருத்தர் வராவிட்டால் பக்கத்துக்காரர் அந்த இடத்தில் ஒரு சாக்கைப் போட்டுக் காப்பாற்றுவார். இரண்டாவது வெள்ளியும் வராவிட்டால் சாக்குக்கு மரியாதை கிடையாது. புதிதாக வருகிறவன் அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்துகொள்ளலாம். யாரும் கேட்க மாட்டார்கள்.

"ஆட்டோல போகலாமேண்ணா?"

"நானும் மூட்டையும் பூடுவோம். வீல்சேர் ஏறாதே. காலைலேர்ந்து சாய்ங்காலம் வரிக்கும் தரைல குந்திகினு, ஒண்ணுக்குப் போவணும்னா யாரக் கூப்டுவேன்?"

அவர் சாதாரணமாகத்தான் கேட்டார். ஜெயஸ்ரீக்குத்தான் கேட்டிருக்கக் கூடாது என்று ஆகிவிட்டது. அவ்வளவு தூரம் கையால் தள்ளிக்கொண்டு போவதற்கு ஐம்பத்தைந்து வயதில் அவர் தோள்பட்டையும் இடம் கொடுக்காது.

பெட்டியைத் திறந்து பார்த்தாள். உள்ளே நாற்பது செல்கள், பத்து வரிசையாக. ஒன்பது வரிசை திடமாக இருந்தது. ஒரே ஒரு வரிசை, அதில் நாலே நாலு செல், களைத்துப் போயிருந்தது. இதற்குத்தான் முழு பேட்டரியையும் தூக்கிப் போடச் சொல்கிறார்கள்! ஒரு பல் ஆடுகிறது என்றால் தலையையே மாற்று என்பார்கள் போலிருக்கிறது.

"நாலு செல் மாத்தினா போதும். பத்து நிமிஷ வேலைண்ணா" என்றாள்.

வழக்கம்போல முதலில், செல்களைக் கண்காணிக்கிற போர்டின் இணைப்பைக் கழற்றினாள். நாலு புதுச் செல்களை அளந்து பொறுக்கி வைத்து, பட்டையை வெல்டிங் செய்து, இணைப்பைத் திரும்ப மாட்டினாள். வண்டியில் பொருத்திச் சாவியைத் திருப்பினால் மூன்று முறை கீச்சென்றது. திரையில் சிவப்பாக ஒரு பூட்டுப் படம். அவ்வளவுதான்.

அவளும் விடவில்லை. புதன்கிழமை முழுக்க அதோடு மல்லுக்கட்டினாள். கம்பெனி போர்டை எடுத்துவிட்டுச் சாதாரண போர்டு ஒன்றைப் போட்டுப் பார்த்தாள். பேட்டரியிலிருந்து கரண்ட் ஜோராக வந்தது. ஆனால் வண்டியில் மோட்டாரை ஓட்டுகிற கன்ட்ரோலர் பெட்டி, 'இந்த பேட்டரியை எனக்குத் தெரியாது' என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. இரண்டும் ஒன்றுக்கொன்று பெயர் சொல்லிக்கொண்டால்தான் சக்கரம் சுற்றுமாம். மாப்பிள்ளை வீடும் பெண் வீடும் தோற்றது, போங்கள்! கடைசியில் பழைய போர்டையே மாட்டி வைத்துவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தாள். வியாழக்கிழமை ஆள் வரும் என்றார்கள்.

வந்தவர் பெயர் லக்ஷ்மிநாராயணன். ஐம்பது வயதிருக்கும். மேடவாக்கத்தில் இரண்டு வீடு முடித்துவிட்டுத் தண்ணீர் லாரிகளுக்குப் பின்னாலேயே ஊர்ந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. லேப்டாப்பை மடியில் வைத்து, பேட்டரியில் ஒரு ஒயரைச் செருகினார். திரையில் பத்துக் கோடுகள் வந்தன. பத்தும் பச்சை. பத்தும் ஒரே உயரம்.

"யார் மேடம் செல் மாத்தினது?"

"நான்தான் சார்."

"எங்க ஃபேக்டரிலகூட இவ்வளவு சமமா வராது" என்றார். மனசாரச் சொன்னார். ஜெயஸ்ரீக்குச் சட்டென்று சந்தோஷமாகிவிட்டது.

"அப்ப தொறந்து வுடு சார்" என்றார் சவுரிமுத்து.

லக்ஷ்மிநாராயணன் இன்னொரு பக்கத்தைத் திறந்தார். கீழே 'பூட்டை நீக்கு' என்று ஒரு பட்டன் இருந்தது. அதற்கு மேலே ஒரு கேள்வி: பெட்டியைத் திறந்தது யார்? வெளியாள் என்று தேர்ந்தெடுத்தார். பட்டன் சாம்பல் நிறமாகிச் செத்துப்போனது. பிறகு ஏதோ ஞாபகத்தில் கம்பெனி சர்வீஸ் சென்டர் என்று மாற்றினார். பட்டன் பச்சையாக விழித்துக்கொண்டது. மூன்று பேரும் அதையே பார்த்தார்கள்.

"அமுக்கு சார்."

"என் ஐ.டி.ல பதிவாகும் சார். நாங்க திறக்கலையே. நாளைக்கு இது பத்திக்கிச்சுன்னா..." அவர் ஜெயஸ்ரீயைப் பார்த்தார். "தப்பா நினைக்காதீங்க மேடம். பழைய லேப்டாப் செல்லையெல்லாம் போட்டுக் குடுக்கறவங்களும் இருக்காங்க. சேஃப்டிக்காகத்தான் இந்த லாக்."

ஜெயஸ்ரீயால் அதை மறுக்க முடியவில்லை. போன வருஷம் இதே கடைக்கு வயிறு உப்பி வந்த ஒரு ஸ்கூட்டர் பேட்டரியை மணல் வாளியில் போட்டுத் தெருமுனை வரை தூக்கிக்கொண்டு ஓடியவள் அவள். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் உள்ளே இருப்பது நல்ல செல் என்று அவர் மடியில் இருக்கிற லேப்டாப்பே சொல்கிறதே, அதற்கு என்ன பதில்? மூன்று வருஷமாக அந்த மனிதரின் காலாக இருந்த வண்டி. வண்டி அவருடையது, ஓடலாமா கூடாதா என்று சொல்கிறவன் மட்டும் எங்கேயோ உட்கார்ந்திருக்கிறான். வயிறு எரிகிறதா இல்லையா?

லக்ஷ்மிநாராயணனின் விரல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. பிறகு லேப்டாப்பை மூடிவிட்டார். "பேட்டரி நல்லா இருக்குன்னு வேணா எழுதித் தரேன் சார்" என்றார். கேலி இல்லை, நிஜமாகவே ஏதாவது செய்ய நினைத்துத்தான் சொன்னார் பாவம்.

வாசலில் ஷூ மாட்டும்போது ஜெயஸ்ரீயை மட்டும் கூப்பிட்டார்.

"மேடம், செல் மாத்தினதுக்கு லாக் ஆகலை. இணைப்பைக் கழட்டினீங்க பாருங்க, அதுக்குத்தான். ஒரு செகண்டு கரண்ட் நின்னாலும் திறந்துட்டாங்கன்னு போர்டு முடிவு பண்ணிடும். கழட்டாமலே, அப்படியே கரண்டோட மாத்தியிருந்தா அதுக்குத் தெரிஞ்சே இருக்காது. நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க."

அவர் போன பிறகும் ஜெயஸ்ரீ அங்கேயே நின்றாள். பதினாறு வருஷமாக அவள் விரல்களைக் காப்பாற்றிய பழக்கம், அதுதான் சவுரிமுத்துவின் காலை உடைத்திருக்கிறது. ஒழுங்கற்றவள், அவசரக்காரி எவளாவது செய்திருந்தால் வண்டி இந்நேரம் ஓடியிருக்கும். அவமானமாக இருந்தது, அதைவிட ஆத்திரமாக இருந்தது. உள்ளே சவுரிமுத்து கம்பெனியின் மூன்று தலைமுறையையும் இழுத்து வைத்துத் திட்டிக்கொண்டிருந்தார். அவள் வாயைத் திறக்காவிட்டால் அவருக்குத் தெரியப் போவதே இல்லை. பழி முழுக்க அங்கேயே போய்ச் சேரும். அதிலும் பெரிய பொய் ஒன்றும் இல்லை.

உள்ளே போய் முக்காலியை இழுத்துப் போட்டு அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, பூட்டு வெச்சது அவங்க. பூட்டிக்கிற மாதிரி பண்ணது நான்தான்." யார் சொன்னது என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சொன்னாள்.

சவுரிமுத்து அவள் கையைப் பார்த்தார்.

"கயட்டாம கை வெச்சிருந்தா வண்டி ஓடியிருக்கும்ன்ற?"

"ஆமாண்ணா."

"கை?"

"தப்பிச்சிருக்கலாம். தப்பிக்காமலும் போயிருக்கலாம்."

"பத்து வெரலும் கீதுல்ல? அப்பறம் இன்னாத்துக்கு அய்வுற?" என்றார். அப்போதுதான் தான் அழுவது அவளுக்கே தெரிந்தது. "காலு இல்லாம எப்டிப் பொயப்ப ஓட்றதுன்னு எனக்குத் தெரியும்மா. கை இல்லாம எப்டின்னு எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது. வுடு."

ஜெயஸ்ரீ முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டே யோசித்தாள். பேட்டரியின் போர்டை மட்டும் மாற்றினால் வண்டி ஒத்துக்கொள்வதில்லை. இரண்டு பக்கத்து மூளையையும் பிடுங்கிப் போட்டுவிட்டால்? கேள்வி கேட்கவும் ஆள் இல்லை, பதில் சொல்லவும் ஆள் இல்லை.

"சாதாரண போர்டு என்கிட்ட இருக்கு. பழைய பேட்டரி சைக்கிள் கன்ட்ரோலர் ஒண்ணு கிடைச்சா போதும்ணா. நாளைக்கு விடியறதுக்குள்ள அதுக்கு எங்க போறது?"

சவுரிமுத்து அவளை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு கடை அதிரச் சிரித்தார். "எங்கியா? என் வூட்ல, சந்தைக்குன்னு கட்டி வெச்ச மூட்டைல கீது! ரெண்டு மாசமா வெச்சிகினு கீறேன், ஒரு பேமானியும் வாங்கல."

சாயங்காலத்துக்குள் முடித்துவிட்டாள். சைக்கிள் கன்ட்ரோலருக்குப் பின்னால் போகத் தெரியாது, அதனால் வண்டியில் இனி ரிவர்ஸ் கிடையாது. திரை இருட்டாகிவிட்டது. சார்ஜ் பார்க்க ஹாண்டில்பாரில் ஒரு சின்ன மீட்டரை டேப் சுற்றி ஒட்டினாள். சாவியைத் திருப்பியதும் கீச்சென்ற சத்தம் எதுவும் இல்லை. சக்கரம் சுற்றியது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு சவுரிமுத்து முன்னால் போக, ஜெயஸ்ரீ தன் ஸ்கூட்டரில் பின்னாலேயே போனாள். வழியில் நின்றுவிட்டால் என்ன செய்வது என்று அவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு போனாள். அவரோ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. ஏர்போர்ட் பக்கம் போகிற கார்களுக்கு ஓரமாக, காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளாத குறையாகப் போனார்.

இடத்தில் சாக்கு இருந்தது. பக்கத்தில் பழைய ஜீன்ஸ் மூட்டையோடு ஒருத்தன் குனிந்து அந்தச் சாக்கின் முனையைக் கையில் பிடித்திருந்தான். சவுரிமுத்து ஹார்ன் அடித்தார். அவன் நிமிர்ந்து பார்த்தான், சாக்கை விட்டுவிட்டு நகர்ந்தான்.

துணி விரிந்தது. ஸ்விட்ச், பிளக், ரிமோட். எல்லாவற்றுக்கும் முன்னால், நட்ட நடுவில், சவுரிமுத்து பேட்டரியிலிருந்து பிடுங்கிய அந்த கம்பெனி போர்டை வைத்தார். முதலில் வந்த ஆள் அதைத்தான் எடுத்துப் புரட்டினான்.

"இன்னா அண்ணா, ரிப்பேரா?"

"ரிப்பேர் இல்ல மச்சான். ரிப்பேர் பண்ணிட்டோம். அதான் இப்டி கீது."

ஜெயஸ்ரீ வாய்விட்டுச் சிரித்தாள். மூன்று நாளில் முதல் சிரிப்பு. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அதே கம்பெனி வண்டி மாட்டிய இன்னொரு வீல்சேர் தள்ளாடிக்கொண்டு வந்து நின்றது. அதில் வந்த பெண்ணுக்கு எப்சி என்று பெயர், தாம்பரத்தில் ஒரு ஆபீசில் வேலை. சவுரிமுத்துவுக்குப் பழக்கமானவள் போல.

"அண்ணா, உங்க வண்டி ஓடுதா? என்னுது நூறு அடி போனா நின்னுடுது. ஆறு வாரம்னு சொல்றாங்க."

"இதோ கீதே டாக்டரு" என்று ஜெயஸ்ரீயைக் காட்டினார். "மூளைய எட்த்துட்டு வேற வெச்சிட்ச்சு. ரிவர்ஸ் மட்டும் போவாது."

"ஐயோ, ரிவர்ஸ் இல்லாம எனக்கு முடியாதே! ஆபீஸ் லிஃப்ட்ல திரும்ப இடமில்லை. பின்னாடி வந்தாத்தான் வெளிய வர முடியும்." எப்சி ஜெயஸ்ரீயின் பக்கம் திரும்பினாள். "வேற வழி இருக்காக்கா?"

இருக்கிறது. இணைப்பைக் கழற்றாமல், கரண்ட் ஓடும்போதே கை வைக்கிற வழி. பூட்டும் விழாது, ரிவர்ஸும் தங்கும். பழக்கதோஷத்தில் "பத்து நிமிஷ" என்று ஆரம்பித்த ஜெயஸ்ரீ பாதியில் நிறுத்தினாள். அந்த இரண்டு மடங்காத விரல்கள் கண் முன்னால் வந்தன. லிஃப்டின் கதவும் வந்தது.

"ஒரு நாள் முழுக்க ஆகும்" என்றாள். "எனக்குக் கொஞ்சம் பயமாத்தான் இருக்கு. கொண்டு வாங்க."

சவுரிமுத்து மூட்டைக்குள் கையை விட்டு வெகுநேரம் துழாவினார். ஒரு ஜோடி ரப்பர் கையுறையை வெளியே எடுத்து, உதறி, ஓட்டை இருக்கிறதா என்று ஒவ்வொரு விரலாக ஊதிப் பார்த்தார். பிறகு அவள் கையில் வைத்தார்.

"இத மாட்டிக்கினு தொடு" என்றார்.